கடைசிப் பொட்டலம்

வெள்ளைக்காரன் காலம். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரி சேறாகிக்கொண்டிருந்தது. மிச்சத் தண்ணீர் ஒரு வயலுக்குத்தான் தேறும். காய்ந்து நின்றவையோ ஆறு வீட்டு வயல்கள். எங்கள் நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அந்தத் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். அப்பா சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார்.

மாரியம்மனிடம் பூக் கேட்பதென்று முடிவாயிற்று. ஐந்து செவ்வரளி, ஒரு வெள்ளரளி. தனித்தனியே இலையில் மடித்துப் பூசாரி அம்மன் காலடியில் கலைத்துப் போட்டார். வீட்டுக்கு ஒரு குழந்தை தலை முழுகி, ஈரத்துணியோடு வந்து ஒரு பொட்டலம் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. வெள்ளை வந்த வீட்டுக்குத் தண்ணீர்.

எனக்கிருந்த ஆர்வத்தில் விடியுமுன்பே முழுகிவிட்டேன். முறை வருவதற்குள் வெயிலில் பாவாடை மொடமொடவென்று காய்ந்துபோயிற்று. "மறுக்கா முழுகிட்டு வா சாமி" என்று பூசாரி விரட்டினார். கிணற்றுக்கு ஓடித் திரும்பினால் வரிசையில் நான்தான் கடைசி. அப்பா முகம் செத்துவிட்டது. மகனை முதல் ஆளாக நிறுத்தியிருந்த பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "மொதல்ல போறவனுக்கு ஆறும் கெடக்குமுங்க. கடைசி ஆளுக்கு மிச்சம் மீதிதானுங்க!"

பெரியப்பா மகன் பிரித்தான். சிவப்பு. அடுத்தவளுக்கும் சிவப்பு. ஒவ்வொரு வீடாக உச்சுக்கொட்டி நகர நகர எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். அப்பா மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்றார். ஐந்தாவதும் சிவப்பு!

"எடுத்துப் பிரி சாமி."

"பிரிக்கோணுங்களா? வெள்ளைதானுங்க அது!" என்று கத்தினேன். கோயிலே சிரித்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட மடை வரைக்கும் ஓடினார். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தபோது நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பின.

அடுத்த வருஷமும் ஏரி வற்றியது. ஒரு குழந்தையும் கிணற்றை விட்டு ஏறவில்லை; எல்லாருக்கும் கடைசியாகத்தான் வர வேண்டுமாம். பெரியப்பா தன் மகனைக் கிணற்றுப் படியிலேயே பிடித்து வைத்திருந்து, கடைசி ஆளாகக் கூட்டிவந்தார். வெள்ளை இரண்டாவது கையிலேயே போய்விட்டிருந்தது.

முதலில் போனாலும் கடைசியில் போனாலும் ஆறில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்பது அப்பாவின் தோள்மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே தெரியும்? பாவாடை காய்ந்ததால்தான் ஜெயித்தேன் என்று நம்பினேன். அந்தக் கணக்கு புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பெரியப்பாவுக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

"பாவாடையக் காயப் போட்டே தண்ணிய அடிச்சுட்டுப் போயிட்டாளுங்க" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.