தார் மணலுக்கு அடுப்பு மூட்டிய கதை

மணலில் ஒட்டிக்கிடக்கும் எண்ணெயை இளக்கி எடுப்பதற்காக நிலத்துக்கு அடியில் சூடேற்றிவிட்டு, மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் தொழில். காற்றடிக்கும் வெளியில் நின்று வேலை செய்தவர்கள் என் முழங்காலின் நிலைமையைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

எங்கே தார் மணல்?

எங்கள் பரிசோதனைத் தளம் டென்மார்க்கில், பிராண்டே ஊருக்கு வெளியே இருக்கிறது. கனடாவில் இருந்து ஒரு கம்பனி தார் மணலைக் கப்பலில் அனுப்பியது. அதை ஆழமான குழியில் நிரப்பி, குழாய் இறக்கி, நீராவி விட்டோம். தார் இளகி அடியில் உள்ள கிணற்றுக்கு வடிய வேண்டும். ஈஸ்டருக்குள் எண்ணெய் வராவிட்டால் தளத்தை மூடிவிடுவார்கள், எங்கள் ஆறு பேருக்கும் வேலை போய்விடும். நானோ அப்போதுதான் வீடு வாங்கியிருந்தேன்.

ஸ்கீவ ஊரில் எங்கள் தமிழாட்களின் ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் என் வேலையைப் பற்றி விசாரித்தார். பொறுமையாக விளக்கினேன். கட்லட்டை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"மண்ணைக் கனடாவில இருந்து இஞ்ச கொண்டுவந்து காய்ச்சிறதுக்கு, நீர் கனடாவுக்கே போயிருக்கலாமே தம்பி."

கொடியில் காய்ந்த விரிப்பு

தளத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் கிர்ஸ்டன் இருக்கிறார். முன்பு பஸ் ஓட்டியவர், இப்போது ஓய்வு. காற்றுத் திரும்பினால் அவருடைய கொடியில் காயும் விரிப்பெல்லாம் தார் மணக்கும். கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, முறைப்பாடு போனது. என் மேலாளர் ஹென்ரிக் என்னை அனுப்பிச் சமாதானம் பேசச் சொன்னார். கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார் கிர்ஸ்டன்:

"உங்கள் எண்ணெயோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்."

பொங்காத மா

டென்மார்க் குளிரில் தோசை மாவைப் புளிக்க வைத்துப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள். என் மனைவி வசந்தி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அரைத்த மாவை வாளியில் போட்டு என்னிடம் தந்துவிடுவாள். தளத்தில் தார் வடியும் கிணற்றின் மேல்மூடி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். காலையில் அதன்மேல் வைத்தால் பின்னேரம் மா பொங்கி நிற்கும். ஹென்ரிக்குக்கும் தோசை பிடித்துப்போனதால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மழையும் பனியும் மாறி மாறி வந்த மாதத்தில் மண்ணுக்குள் வெப்பம் குறைகிறது என்று கருவிகள் காட்டின. கருவிகள் பழுது என்று ஹென்ரிக் புதியவற்றுக்கு ஓடர் கொடுத்தார். அன்று பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோன மா, காலையில் கொண்டுவந்தபடியே கிடந்தது. வசந்தி வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட அடுப்பு நூந்து போச்சு. கம்பனியில ஆருக்கும் தெரியுமோ?"

மறுநாள், கருவி சரி, மண்தான் குளிர்ந்துவிட்டது என்று ஹென்ரிக்கிடம் சொன்னேன். அத்தாட்சி கேட்டார். வாளியைக் காட்டினேன். மாவுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதைக் கனடாக்காரருக்கு எப்படி எழுதுவது?"

ருபார்ப் கேக்

வெப்பம் போன இடத்தை நாங்கள் தேடவேயில்லை. அதுவே தட்டில் வந்தது. அதே கிழமை கிர்ஸ்டன் சிரித்த முகத்தோடு கேக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் பனி கிடக்க, தன் வேலியோரத்தில் மட்டும் கேக்கில் போடும் புளிப்புத்தண்டுச் செடியான ருபார்ப் முளைத்துத் தண்டு விட்டுவிட்டது, பூனைகூட அங்கேதான் படுக்கிறது என்றார்.

"இந்த வருடம் கடவுள் என் வேலிப்பக்கமாகத்தான் நடந்திருக்கிறார்."

நானும் ஹென்ரிக்கும் வாயில் கேக்கோடு ஒருவரை ஒருவர் பார்த்தோம். மழையில் ஏறிய நிலத்தடித் தண்ணீர் எங்கள் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு அவருடைய தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கிர்ஸ்டனிடம் கடவுள்தான் என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு துண்டு எடுத்தோம்.

ஈஸ்டர்

குழியின் மேட்டுப் பக்கத்தில் துளைகள் போட்டு, தண்ணீர் குழிக்கு வருமுன்பே இறைத்தோம். மண் மறுபடி சூடேறியது. ஈஸ்டருக்கு முதல் கிழமை கனடாக்காரர் வந்து நின்றார். பம்ப் இருமியது. தண்ணீர் வந்தது, பிறகு சேறு வந்தது. கடைசியில் கறுப்பாக, சீனிப்பாணிபோல, எண்ணெய் வந்தது. நான் ஹென்ரிக்கைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் யூலண்ட்காரர், இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கட்டிப்பிடிப்பதெல்லாம் பழக்கமில்லை, முதுகில் தட்டிவிட்டு விலகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வாடிய ருபார்ப் தண்டைப் பிடித்தபடி வேலியோரம் வந்தார் கிர்ஸ்டன். கொம்யூனுக்கு இன்னொரு முறைப்பாடு அனுப்பியாயிற்று என்றார்.

"மணத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். சூட்டைத் திருப்பித் தாருங்கள்."

ஆக, ஆறு பேரின் வேலையும் தப்பியது, மாவும் பழையபடி பொங்குகிறது, கேக் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.