கீழ் வரிசையில் மூன்றாவது பூ

யுத்த காலத்தில் தர்மபுரியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அச்சு வேலையும் ஒரு பாடம். ஆறு பேர் படித்தோம். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி கோத்து, சுற்றிலும் பூ அச்சுகளால் பார்டர் கட்டி, ஆளுக்கொரு நோட்டீசு தயாரிக்க வேண்டும். நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை, சந்தை அறிவிப்பு என்று ஏதாவது. மார்க் போடும்போது யார் வேலை என்று தெரிவதற்காக பார்டரில் ஒரு பூவை மட்டும் தலைகீழாக வைப்போம். எனக்கு மேல் வரிசையில் முதல் பூ. மொரப்பூர்க்காரனான என் சிநேகிதனுக்குக் கீழ் வரிசையில் மூன்றாவது.

அவன் கட்டும் பார்டரில் நான்கு மூலையும் மயிரிழை விலகாது. எனக்கு அதில் பொறாமை உண்டு. சேலத்தில் ஏதாவது ஒரு அச்சகத்தில் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. தேசம், போராட்டம் எல்லாம் என் பைத்தியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் துடைப்பதாகச் சொல்லிச் சாவி வாங்கி, 'வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேராதீர்கள்' என்று ஒரு நோட்டீசு கோத்தேன். பார்டர் கட்ட அரை நாள் ஆகும். அவன் கட்டி, நூல் சுற்றி அலமாரியில் வைத்திருந்த பார்டர் கண்ணில் பட்டது. அதைப் பிரித்து என் வரிகளை உள்ளே வைத்து அடித்துவிட்டு, பழையபடி கட்டி வைத்தேன். அவன் தலைகீழாக வைத்திருந்த பூ என் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"யாருடா இத பிரிச்சது? முடிச்சு என்னுது இல்லியே."

"எனக்குத் தெரியாதுடா" என்றேன்.

இரண்டு வருஷமாக என் முடிச்சைப் பக்கத்திலேயே பார்த்தவன். மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குள் நான் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிய நோட்டீசு அதியமான்கோட்டை வரை சுவரேறியிருந்தது. வெளியே சைக்கிள் மணி கேட்டாலே போலீசோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நோட்டீசை மேஜைமேல் விரித்து, நாங்கள் மார்க்குக்கு அடித்த தாள்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. பூ விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கீழ் வரிசையில் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது பூவில் நிறுத்தினார்.

"இது யாருது?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். என் சிநேகிதன் என்னை ஒருமுறை பார்த்தான்.

"பார்டரு என்னுதுங்க" என்றான்.

"நோட்டீசு?"

அவன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம், அவ்வளவுதான். அவனை நடத்தியே கூட்டிப் போனார்கள்.

ஐந்தாம் நாள் விட்டார்கள். அவன் வகுப்புக்கு வராததால் மொரப்பூருக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வலது கை விரல்கள் வீங்கி, மடங்காமல், டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் இனி ஈய எழுத்தைப் பொறுக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவன் அம்மா எனக்கும் மோர் கொண்டுவந்தார்.

"நீயும் கூடத்தானே கண்ணு படிக்கிற. எம் பையன் பண்ணலீன்னு நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அவனுக்கு என்னம்மா தெரியும்."

நான் தலையாட்டிவிட்டு மோரைக் குடித்தேன்.