ஒரு புட்டி எண்ணெயும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸும்

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை அவள் பதினேழு வருஷமாக ஓட்டினாள். நேரம் தவறாததால் பணிமனையில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அத்தனை வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. ஒருமுறை கண்ணாடி உரசியது. அதுவும் நின்றிருந்த அவள் பஸ்ஸை வேறொருவன் வந்து உரசியது.

நாற்பத்தெட்டு வயதில் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆறு தடவை கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. முதல் வாரம் படுக்கை. அடுத்த இரண்டு வாரம் உடம்பு இடம் கொடுத்தால் வேலைக்குப் போகலாம். அவள் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் நோய்தான் பேச்சுத்துணை என்றாள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு வாந்தி ஆளைப் புரட்டிப் போட்டது. வழக்கமான மாத்திரைகள் எடுபடவில்லை. ஏழு கிலோ குறைந்தாள். கணவர் வெல்டர், அவர் சட்டையின் இரும்பு வாடைகூட அவளுக்கு ஆகவில்லை. வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வர அவர் பழகிக்கொண்டார்.

டாக்டரம்மா வேறொரு மாத்திரையைச் சொன்னார். “கஞ்சாச் செடியில இருக்கிற பொருள் மாதிரியே செஞ்சது. நம்ம உடம்பே அந்த மாதிரி ஒண்ணைத் தயாரிச்சுக்கிட்டுதான் இருக்கு. பசி, வலி, குமட்டல் எல்லாத்தையும் அதை வச்சுத்தான் அடக்கி ஆளுது. இந்த மாத்திரையும் அதே இடத்துல போய் வேலை செய்யும். ஆனா தலை சுத்தும். வண்டி ஓட்டக் கூடாது.”

“அப்போ வேண்டாம், டாக்டர்.”

அந்த வாரமே விஷயம் கேள்விப்பட்டுக் கொழுந்தன் ஒரு புட்டியோடு வந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“அண்ணி, இதுவும் அதே செடியோட எண்ணெய்தான். ஆனா போதை ஏத்தற சமாச்சாரத்தை எடுத்துட்டாங்க, பாட்டில்லயே போட்டிருக்கு பாருங்க. கேன்சர் செல்லையே கொல்லுதாம். வீடியோவுல காமிச்சாங்க.”

“யாரு காமிச்சது?”

“விக்கிறவங்கதான்.”

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் தினம் நாலு சொட்டு நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. வயிறு கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. ஒருநாள் இரண்டு முட்டை முழுசாகத் தின்றாள்.

பத்தாம் நாள் பணிமனையில் ஓட்டுநர்களுக்குத் திடீரென்று சிறுநீர்ப் பரிசோதனை வைத்தார்கள். அவள் கவலையே இல்லாமல் கொடுத்தாள். கஞ்சா இருப்பதாக முடிவு வந்தது.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். “ஏம்மா, பேரு மாறிடுச்சோன்னு மூணு தடவை பார்த்தேன்.”

அவள் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இதுதான் சார். போதைக்காகக் குடிக்கல.”

“எனக்குத் தெரியும்மா. ஆனா உங்க பின்னாடி அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்களே.”

அவள், அந்தப் பத்து நாளில் தன் வழியிலுள்ள பாலத்து வளைவில் எத்தனை தடவை திரும்பியிருப்போம் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ண முடியாமல் விட்டுவிட்டாள்.

புட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. எடுத்துவிட்டதாகச் சொன்ன போதைச் சமாச்சாரம் அதில் தாராளமாகவே இருந்தது. இந்தத் தடவை அவள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை.

“செல்லைக் கொல்லுதுன்னு சொல்றாங்களே, அது பொய்யா?” என்று கேட்டாள்.

“லேப்ல கண்ணாடித் தட்டுல வச்சுக் கொன்னிருக்கு. தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாலும் செல் சாகும்மா. மனுஷ உடம்புல புற்றுநோயைக் குணப்படுத்தும்னு சொல்ல இன்னும் சான்று இல்ல. அதோட, இதுவும் கீமோவும் ஒரே ஈரலைத்தான் கடந்து போகணும். ஒண்ணு இன்னொண்ணுக்குக் குறுக்க நிக்கலாம். இனிமே எதைக் குடிச்சாலும் என்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க.”

கொழுந்தன் விற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். போன் அணைந்து கிடந்தது. ஒரு மாதம் அண்ணியின் முகத்தில் விழிக்கவே அவன் வரவில்லை.

விசாரணையில் வேலை தப்பியது. எண்ணெய் எடுத்ததை மறைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சிகிச்சை முடியும்வரை நேர அட்டவணைப் பிரிவில் போட்டார்கள். கடிதத்தை அவள் வாதாடாமல் வாங்கிக்கொண்டாள். ஸ்டியரிங்தான் கையைவிட்டுப் போய்விட்டதே என்று, நாலாவது தடவையிலிருந்து டாக்டரம்மாவின் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தாள். வாந்தி முழுக்க நிற்கவில்லை, ஆனால் தாங்கும்படி ஆனது. ஒரு மத்தியானம் மின்விசிறியைப் பார்த்து விடாமல் சிரித்தாள். கணவர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். அளவைக் குறைத்தார்கள். மூன்று கிலோ ஏறினாள்.

ஆறு தடவை கீமோவும் முடிந்து அறுவை சிகிச்சையும் நடந்தது. இடது கை தோளுக்குமேல் எழும்பவில்லை. அடுக்களைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நாளுக்கு ஒரு விரற்கடையாகக் கையை உயர்த்திப் பழகினாள். மாத்திரை நின்று சில மாதங்கள் கழித்து இரண்டு சிறுநீர்ப் பரிசோதனைகளில் தேறினாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு பஸ்ஸில் ஏறினாள். பன்னிரண்டாம் நம்பர் வேறொருவருக்குப் போய்விட்டது. அவளுக்கு முப்பத்தொன்று கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பைப் பரிசோதித்துக்கொண்டு வருகிறாள். கட்டி இதுவரை திரும்பவில்லை.