செருகக் கூடாத ஒயர்

என் தம்பி ஏசி மெக்கானிக். ஞாயிறு மதியம் மட்டும் டிஜே. டயர் கடைக்குக் கீழே உள்ள பேஸ்மென்டில் இசைத்தட்டுகளை வைத்து டெக்னோ போடுவான். அதில் பாட்டு வரி கிடையாது. ஒரே அடி விடாமல் போகும். அதன் மேலே ஒரு சத்தம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஓடுகிற தட்டோடு அடுத்த தட்டின் வேகத்தை விரலால் தள்ளித் தள்ளி, காதாலேயே சேர்ப்பான். நான் தையல் வேலை செய்பவள், பிசிறு இருந்தால் சும்மா விடமாட்டேன். அவன் சேர்க்கிற இடத்தில் இதுவரை எனக்குப் பிசிறு தெரிந்ததில்லை.

போன வருஷம் மைதானத்தில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிக்கு அவனைக் கூப்பிட்டு, போஸ்டரிலும் அவன் மூஞ்சியைப் போட்டார்கள். அங்கே ஓடுவது வேறு வகை. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, தடாலென்று போடுவார்கள். உடனே மேடையில் நெருப்பு பீறிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கூத்து.

“அவ்வளவு கூட்டம் நம்ம சத்தத்தை ஒரு தடவை கேக்கட்டும்க்கா” என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒத்திகைக்குத் தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேடையில் தட்டுகளின் சத்தத்தைக் கலக்கும் மிக்சருக்குப் பின்னால் ஒரு ஒயர் கழன்று தொங்கியது. மெக்கானிக் கை சும்மா இருக்குமா? குனிந்து செருகினான், தட்டை வைத்தான். மைதானம் முழுக்க அவன் அடி எழும்பியது. ஆனால் விளக்கும் நெருப்பும் வேறு எதற்கோ ஆடின.

மேடை மேனேஜர் ஓடி வந்தார். “யோவ், எவன்யா அதைச் செருகுனது?”

“கழண்டு கிடந்துச்சு சார்.”

“கழட்டி வச்சதே நாங்கதான்! உன் ஒரு மணி நேரத்துக்கு ஓட வேண்டியதை எங்க ஆளு முன்னாடியே ரெக்கார்டு பண்ணிட்டான். நெருப்புக்கெல்லாம் நேரம் குறிச்சாச்சு. நீ பட்டனைத் திருகுற மாதிரி திருகு, கையைத் தூக்கு, போதும்.”

“அப்ப நான் எதுக்கு சார்?”

“மூஞ்சிக்கு.”

எங்களுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தவன், உயிரில்லாத அந்தப் பட்டன்களைத்தான் கண்ணை மூடித் திருகித் திருகி, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

தம்பி தட்டை உறையில் போட்டான். “மூஞ்சிதானே? போஸ்டர்ல இருக்கு, அதையே நிக்க வைங்க” என்றான். இறங்கிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு பேஸ்மென்டில் இன்னொரு அசிங்கம் காத்திருந்தது. அந்த இடத்தை நடத்துகிற தாடிக்காரர் வாசலை மறித்தார்.

“போஸ்டர்ல வந்தாச்சுல்ல, இனி நீ அந்தப் பக்கத்து ஆளு.”

“நான் பண்ணவே இல்லண்ணே, இறங்கிட்டேன்.”

“ஏறுனியே! தப்புன்னு எல்லாரும் பாக்குற மாதிரி நெட்ல மன்னிப்புப் போடு. அப்புறம் பேசலாம். இங்க உண்மையான இசைக்குத்தான் இடம்.”

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கறுப்புச் சட்டை, ஒரே முறைப்பு. மேடையில் அவன் என்ன தட்டு வைத்தான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மைதானத்துக்காரனுக்கு இவன் மூஞ்சி வேண்டும். இவர்களுக்கு இவன் மூஞ்சி ஆகாது. காது இரண்டு இடத்திலும் இல்லை.

“சட்டையைக் கறுப்பாக்கிட்டா காது கேட்டுடுமா?” என்று கேட்டேவிட்டேன்.

“அக்கா, வாக்கா” என்று தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். மன்னிப்பு அவன் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறு மதியம் அவன் வேலை செய்யும் பட்டறையில், ஏசிப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டுப் போடுகிறான். கூட வேலை செய்கிறவர்கள் வருவார்கள், எதிர்க்கடை சலூன்காரர் வருவார், நான் வருவேன். அந்த மைதானத்துக் கூட்டம் கிடைக்காதது அவனுக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும். சலூன்காரர் முதல் வாரம், “பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். போன வாரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கடைசித் தட்டு முடிகிறவரை நின்றார்.