பழைய சீட்டை நம்பாத பிலோமினா சிஸ்டர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வெளிநோயாளிகள் வரிசை பாதிகூடக் குறையவில்லை. நம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த பிலோமினா சிஸ்டரின் தங்கை ராயபுரத்திலிருந்து செல்போனில் கூப்பிட்டார். "அக்கா பூட்டாங்க டாக்டர். கோயிலுக்குப் போய்ட்டு வந்து உக்காந்தாங்க. அவ்ளோதான்." எதிரே ஒருவர் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்தார். அவரைப் பார்த்து முடித்து, மருந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் சிஸ்டருக்கே பிடித்திருக்காது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள நம் சிறிய மருத்துவமனையில் அவருடன் வேலை செய்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நமக்கு ஒரு கொலோனோஸ்கோப்பி கருவி வந்தது. கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் சோதனை அது. குழாயைச் செலுத்த எனக்குத் தெரியும். ஒருவரை அதற்குத் தயார்செய்ய சிஸ்டருக்குத்தான் தெரியும். குடல் சுத்தமாக வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலம் பேதி மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். நான் அச்சடித்த தாளைக் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கும் அப்படிக் கொடுத்த அன்று சிஸ்டர் நேராக மேலாளர் அறைக்குப் போனார். "புளியந்தோப்புல ஆறு வூட்டுக்கு ஒரு கக்கூசு சார். இத்த குடிச்சிட்டு அந்தப் பொம்பள எந்த வரிசைல போயி நிப்பா?" அந்த வாரமே அப்படிப்பட்டவர்களுக்கென்று மருத்துவமனையிலேயே ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டது.

வயிற்றுவலி என்று வருகிற எல்லாருக்கும் அந்தச் சோதனை தேவைப்படாது. ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் வந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. துறைமுக வாசலில் வண்டி வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு முறுக்கும். கழிப்பறைக்குப் போய் வந்தால் அடங்கும். எடை குறையவில்லை, ரத்தம் போகவில்லை, வலி தூக்கத்தில் எழுப்பியதும் இல்லை. ரத்தச் சோதனையும் சரியாக இருந்தது. ஐ.பி.எஸ். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கோளாறு. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது, அது இயங்கும் விதம் மட்டும் கெட்டிருக்கும். அவரோ, "கேமரா வுட்டுப் பாத்துடு சார், ரொம்ப பேஜாரா கீது" என்று பிடிவாதமாக நின்றார். உங்களுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

சிஸ்டர் குறுக்கே வந்தார். "வலி நெசம்தான் நைனா. ஆனா கேமராவுல தெரியுற வலி இல்ல இது. உள்ள பாத்தா ரோஸ் கலர்ல நல்லாத்தான் இருக்கும், அப்பாலயும் உனக்கு வலிக்கும். மாத்திரைய ஒழுங்கா துன்னு, டீயக் கொற. ரெண்டு மாசம் கழிச்சி என்னாண்ட வந்து சொல்லு." டிரைவர் போன பிறகு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். ஒண்ணுமில்லாமலா லோடை வுட்டுட்டு வந்து நிக்கிறான்?" டிரைவர் சொன்னபடி வந்தார். வலி பாதியாகியிருந்தது. கேமரா பேச்சையே எடுக்கவில்லை.

நான் எழுதியே ஆகவேண்டியது தனபாக்கியம் அம்மாளைப் பற்றி. எர்ணாவூர்க்காரர், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். எட்டு வருடங்களாக அவருடைய சீட்டில் ஐ.பி.எஸ். என்றே இருந்தது; எழுதியவன் நான். எட்டாம் வருட மழைக்காலத்தில் வலி கூடிவிட்டதென்று இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பழைய சீட்டைப் பார்த்துப் பழைய மாத்திரையையே எழுதினேன். மூன்றாம் முறையும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் சிஸ்டர் அவரைக் கையோடு அழைத்துவந்து, சீட்டை என் மேஜைமேல் திருப்பி வைத்தார். "ஜாக்கெட்டப் பாருங்க டாக்டர். தொளதொளன்னு ஆயி ரெண்டு பக்கமும் ஊக்கு குத்திகினு வந்துகீது. ராத்திரில வலி எழுப்புதாம். ரத்தம் போவுது, மூலம்னு நெனச்சிகினு கீது. உங்களாண்ட சொல்ல வெக்கம்."

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எரிச்சலாக வந்தது. "இவங்களை எட்டு வருஷமா எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றேன்.

"தெரியும்னுதான் நீங்க பாக்கல."

நோயாளி முன்னால் அப்படிச் சொன்னது சுட்டது. ஆனாலும் தனபாக்கியத்தை உட்காரச் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஹீமோகுளோபின் இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் குழாயைச் செலுத்தினேன். இடப்பக்கக் குடலில் கட்டி, தொட்டால் கசிந்தது. திரையைப் பார்த்தபடி நின்ற சிஸ்டர் தனபாக்கியத்தின் தோளில் கையை வைத்தார், சோதனை முடியும்வரை எடுக்கவில்லை.

கட்டியிலிருந்து எடுத்த சதைப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று, சிஸ்டர் தனபாக்கியத்தை உள்ளே உட்காரவைத்து என் அறைக் கதவைச் சாத்தினார். "நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்." புற்றுநோய் என்று சொன்னேன். பிறகு, "போன தடவையே நான் பார்த்திருக்கணும்மா. தவறவிட்டுட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தனபாக்கியம் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "இப்பவாவது பாத்தியே சார். அறுத்து எடுத்துடலாமா? அத்த சொல்லு."

எடுத்துவிடலாம் என்றேன். அரசு மருத்துவமனையில் எடுத்தார்கள், வேறெங்கும் பரவியிருக்கவில்லை. மறு வாரத்திலிருந்து சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்தார். நாள்பட்ட வயிற்றுவலிக்காரர் யார் வந்தாலும் பழைய சீட்டு அவர் கையிலேயே இருக்கும். எடை, ரத்தப்போக்கு, தூக்கம், வீட்டில் யாருக்காவது குடல் புற்று உண்டா என்று புதிதாகக் கேட்டு நான் எழுதிய பிறகுதான் அதை என்னிடம் கொடுப்பார். சிலருக்கு அந்தக் கேள்விகளே சோதனையைத் தவிர்த்தன. சிலரை மறுநாளே சோதனை மேஜையில் படுக்கவைத்தன.

புதன்கிழமை சிஸ்டரின் அடக்கத்துக்குத் தனபாக்கியம் வந்திருந்தார். கேன்டீன் வேலைக்கு இன்னும் போகிறாராம். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நோயாளியின் முகத்தைப் பார்த்து "தவறவிட்டேன்" என்று சொல்லும் தெம்பு. அதன்பின் இன்னும் இருவரிடம் சொல்லவேண்டி வந்தது. பக்கத்தில் சிஸ்டர் இல்லாத நாட்கள் அவை. ஆனாலும் அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்.