தொண்டையைக் கடிக்கிற ஜூஸ்

"ஜூஸ்தானே, அதில் என்ன பெரிய வித்தை?" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் பெரியண்ணன் அப்படித்தான் சொல்வார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, என் சின்னண்ணன் மனைவியைப் பற்றி. ஆனால் அவரைத் திட்டாமல் அண்ணியைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னண்ணன் வெல்டர். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குடிதான் சனியனாகப் பிடித்திருந்தது. பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் கையில் கிளாஸ் இருக்க வேண்டும். அதனால் வேலை போனது, முன்பல் போனது, பெற்ற மகளே பேசுவதை நிறுத்தினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு ஒருவழியாக விட்டார். இனி ஒரு தடவை ஆரம்பித்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

விட்டாச்சு என்று சொல்வது சுலபம். அந்தச் சாயங்கால வேளையை என்ன செய்வது? அண்ணி தர்பூசணி, ஆரஞ்சு, கொய்யா என்று தினமும் ஒன்றைப் பிழிந்து வைத்தார். அண்ணன் இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தள்ளி வைப்பார்.

"இது பாப்பா குடிக்கிறதுடி. உள்ள எறங்கறதே தெரியல."

"எறங்கறது தெரியணுமாக்கும்?"

"ஆமா. தொண்டையை ஒரு கடி கடிக்கணும்."

நானாக இருந்தால் அந்த ஜூஸை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். வெட்டிப் போட்ட அன்னாசித் தோலைக் கழுவி, தட்டிய இஞ்சியும் மிளகும் சேர்த்துக் கொதிக்க வைத்தார். ஆறியதும் வடிகட்டிப் பழச்சாற்றில் கலந்தார். எலுமிச்சையைத் தோலோடு நசுக்கிப் போட்டார். பச்சை மிளகாயைக் கீறி மிதக்கவிட்டு, காரம் அளவாக ஏறியதும் எடுத்தார். கறுப்புத் திராட்சையைக் கொட்டையோடு மசித்து அந்தத் துவர்ப்பையும் சேர்த்தார். சர்க்கரை கிடையாது, ஒரு சிட்டிகை உப்புதான். ஐஸ் போட்டு ஸ்டீல் டம்ளரில் கொண்டுவந்தார். கண்ணாடி கிளாஸ் எல்லாவற்றையும் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று, கைக்குப் பழைய ஞாபகம் வரக்கூடாதாம். அண்ணன் ஒரு மடக்கு குடித்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொண்ணு குடு" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அண்ணி கடை போட்டது அதற்குப் பிறகுதான். மேலே தகரம், கீழே ஒரு மேஜை, பக்கத்தில் ஐஸ் பெட்டி. வெயிலில் வெந்து வருகிறவர்களுக்குத் தர்பூசணி. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த ஜூஸ். டிரைவர்கள் அதற்குக் 'கடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் டை கட்டிய ஒருத்தர் பாதி குடித்துவிட்டு, "இதுல கொஞ்சம் சரக்கு ஊத்தினா அட்டகாசமா இருக்கும்" என்றார். அண்ணி அவர் கையிலிருந்த டம்ளரை வெடுக்கென்று பிடுங்கி, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினார். "உங்க காசும் வேணாம், நீங்களும் வேணாம். எடத்தக் காலி பண்ணுங்க" என்றார். அந்த மனுஷன் பேயறைந்த மாதிரி பஸ் ஏறினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனேன்.

அப்படிப்பட்டவரிடம்தான் பெரியண்ணன் தன் வேலையைக் காட்டினார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு வீட்டில் மதிய விருந்து. எல்லாருக்கும் கடி வேண்டும் என்று அவர்தான் கேட்டார். அண்ணி முந்தின நாளே நாலு டப்பாவில் செய்து கொண்டுபோய் அவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தார். கல்லாக உறைந்ததைக் கரண்டியால் சுரண்டிப் பொடிப்பொடியாகக் கிளாஸில் போட்டுக் கொடுப்பார். வெயிலுக்கு அவ்வளவு இதமாக இருக்கும்.

விருந்தன்று நான்தான் கூட நின்று சுரண்டினேன். இரண்டு டப்பா காலியானது. மூன்றாவது டப்பாவின் மூடி கோணலாக இருந்தது, முன்பே பாதி குறைந்தும் இருந்தது. கரண்டியை வைத்தேன், கொழகொழவென்று உள்ளே போனது.

"அண்ணி, இது மட்டும் ஏன் உறையல?"

அண்ணி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இஞ்சி, மிளகு, எலுமிச்சை எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். பிறகு கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். முகம் வெளுத்துவிட்டது.

"அவர் எங்க?"

இரண்டு பேரும் ஹாலுக்கு ஓடினோம். பெரியண்ணன் தன் கூட்டாளிகளோடு கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, புருஷனத் தேடறியா? அவனுக்கு அப்பவே ஒரு கிளாஸ் குடுத்தாச்சு" என்று பல்லை இளித்தார். "ஒண்ணுல ஒண்ணும் குடி முழுகிடாது. உன் காரத்துல அவனுக்கே தெரியாது."

கேட்டீர்களா அந்தப் பேச்சை? கட்டினவரைக் காப்பாற்ற ஒரு பெண் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த காரம். டப்பாவை உறையவிடாமல் செய்த சரக்குக்கு அதையே போர்வையாகப் போர்த்திவிட்டான் பாவி. மரியாதை போய்விட்டது பாருங்கள், போகட்டும்.

சின்னண்ணன் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற தொட்டியருகே நின்றிருந்தார். கையில் கண்ணாடி கிளாஸ். அது நிறைந்திருந்தது. சட்டையெல்லாம் வியர்வை.

"கிட்ட கொண்டு போனதுமே தெரிஞ்சு போச்சு" என்றார். "நான் குடிக்கல. ஆனா கீழ வைக்கவும் முடியலடி. நீ வாங்கிக்க."

அண்ணி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தக் கிளாஸை வாங்கினார். உள்ளே போய் மிச்சமிருந்த டப்பாக்களைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார்.

பின்னாலேயே வந்த பெரியண்ணன், "தமாஷுக்குப் பண்ணினதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நல்ல ஜூஸ வீணாக்கறா" என்றார்.

"தமாஷா? தம்பி செத்துக் கெடந்தாலும் இப்படித்தான் சிரிப்பியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பிடுங்கிக்கொள்ளத்தான் இல்லை. அண்ணி சின்னண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அண்ணன் குடிக்கவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து கடியையும் தொடவில்லை. அண்ணி எதிரிலேயே செய்து, தான் முதலில் குடித்துக் காட்டிக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிடுவார்.

"உன்னை நம்பலன்னு இல்ல. அதை எடுத்தாலே மூக்கு அந்த வாடையைத் தேடுது. எனக்குப் பயமா இருக்கு."

சாயங்காலமானால் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சாராயக் கடை வாசல்வரை போய்த் திரும்பியதாக அவரே சொன்னார். அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெரியண்ணனை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. சின்னண்ணனை அவ்வளவு நாள் தாங்கிப் பிடித்திருந்த ஒரே ஒரு டம்ளரையும் தமாஷ் என்று தட்டிவிட்டாரே!

வெயில் தலையைப் பிளந்த ஒரு பிற்பகலில் பெரியண்ணன் அண்ணி கடைக்கு வந்து நின்றார். நான் அங்கேதான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சின்னண்ணன் ஓரத்தில் பழப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. எனக்கும் ஒரு கடி போடு" என்றார் பெரியண்ணன். தப்பு என்று ஒரு சொல் வரவேண்டுமே, வராது.

கத்தி என் கையில் இருந்தது. நல்லவேளை, அண்ணி முந்திக்கொண்டார். திரும்பி நின்று கலந்து, டம்ளரை நீட்டினார். பெரியண்ணன் வாங்கி வாய்வரை கொண்டுபோனார். நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்க?"

"என் காரத்துல உங்களுக்கே தெரியாது" என்றார் அண்ணி.

பெரியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. குடிக்கவும் முடியாமல், எல்லார் எதிரிலும் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். வரிசையில் நின்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சின்னண்ணன் எழுந்து வந்தார். "அவ கைய சந்தேகப்பட உனக்கு என்னண்ணே தகுதி இருக்கு?" என்று கேட்டு, டம்ளரை வாங்கினார். மோந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்து, டம்ளரை மேஜை மேல் ணங்கென்று வைத்தார்.

அண்ணி மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரம் பத்தலடி" என்றார் அண்ணன்.

"நாளைக்குக் கூடப் போடறேன்" என்று சொல்வதற்குள் அண்ணிக்குக் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இஞ்சியை எடுத்து மேஜை மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். தட்டின தட்டில், பெரியண்ணன் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.