ஏல அகராதியில் அகப்பட்ட சொல்

சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் மாலைதோறும் ஓர் இங்கிலீஷ் சொல் பிடிக்கப்படும். பிடிப்பவள் நான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த அகராதியை அப்பா விரித்து வைப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்க வேண்டும். எல்லாரும் அறிந்த சொல் என்றால் அப்பா உதட்டைப் பிதுக்குவார். மறுபடி வைக்கச் சொல்வார். யாரும் அறியாத பழஞ்சொல் அகப்பட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். அகப்பட்ட சொல்லை அந்த வாரத்துக்குள் ஒரு கடிதத்திலாவது எழுதிவிடுவது என்று தமக்கே ஒரு விதி போட்டிருந்தார். ‘செனைட்’ என்று ஒரு சொல். ஏழு இரவுகள் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டதாம். ஒரு வாரம் என்று பொருள். அதைப் போட்டு லீவு கேட்டார். எத்தனை நாள் என்று தலைமைக் கிளார்க்கு ஆளனுப்பி விசாரித்தார். அப்பா அதைத் தம் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாலை போடும் கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு பெண் அப்பாவிடம் மனு எழுதி வாங்க வந்தாள். கல் வண்டி சாய்ந்து அவள் புருஷன் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவளுக்கோ நிறைமாதம். ஆள் போய்விட்டால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம்.

“புள்ள பொறக்குற வரைக்கும் அந்த வீட்டுலயே இருந்துக்கிறேன்னு எழுதுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

முந்தின நாள் என் விரலுக்கு அகப்பட்டது ‘ரெலிக்ட்’. கைம்பெண் என்று பொருள். விட்டுச்செல்வதைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்த சொல், இறந்தவன் விட்டுச்சென்றவள். அவளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எழுத இப்போது கூசுகிறது.

“அப்பா, எங்கட சொல்லு!” என்று கத்தினேன்.

“ஓம் பிள்ளை, கட்டாயம் போடுவம்” என்றார் அப்பா.

மனு மூன்று பக்கம் போயிற்று. அந்த ஒரு சொல்லுக்குத் துணையாக இன்னும் பல பழஞ்சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. அறை கேட்ட சங்கதி கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் இருந்தது.

நாலாம் நாள் அப்பா துள்ளாத குறையாக வீடு வந்தார். லயங்களுக்குப் பொறுப்பான துரை அவரைக் கூப்பிட்டு, தம் பாட்டனாருக்குப் பிறகு இப்படி இங்கிலீஷ் எழுதி யாரையும் பார்த்ததில்லை என்று கையைக் குலுக்கினாராம். சிநேகிதர்களுக்குக் காட்டவென்று மனுவைத் தம் வீட்டுக்கே எடுத்துப் போனாராம்.

“அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு என்ன சொன்னவர்?” என்று அம்மா கேட்டார்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “இவ்வளவு மெச்சின மனுஷன் செய்யாமல் விடுவாரே?”

எனக்கு அது போதுமாக இருந்தது. லயத்துக்கு ஓடினேன். வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வடக்கே ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் சொந்தக்காரி அவளைக் கூட்டிவர அனுப்பியிருந்தாள். சட்டி பானைகளெல்லாம் சாக்கில் ஏறியிருந்தன.

“துரை உங்கட மனுவை மெச்சினவர்!” என்றேன்.

“அப்ப வீடு இருக்குதா பாப்பா?”

“ஓம்” என்றேன். மெச்சுவதும் கொடுப்பதும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினாள்.

அதற்கு மூன்றாம் நாள், லயத்தை மேற்பார்க்கும் மண்டோர் அவள் சாமான்களைத் தெருவில் வைத்தார். துரையிடமிருந்து அவருக்கு எந்த உத்தரவும் வரவில்லை. செய்தி கேட்டு அப்பா ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். அவள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“அய்யா, அந்தக் காயிதத்துல வீடுன்னு எழுதுனீங்கல்ல?”

“எழுதினனான் தங்கச்சி” என்றார் அப்பா. பிறகு, “கடைசியில எழுதினனான்” என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சினார். அவள் தலையசைத்து மறுத்தாள். சாக்கைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வடக்குப் பார்த்து நடந்தாள். பிள்ளை எங்கே பிறந்தது, பிறந்ததா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

வண்டி திரும்பிப் போன கதையை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலையும் வழக்கம்போல அகராதியை எடுத்து வந்து, கண்ணை மூடி, விரலை வைத்தேன். அருமையான சொல், பள்ளிக்கூடத்தில்கூட யாருக்கும் தெரிந்திராது. வாசித்தேன். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். என் உச்சரிப்புத்தான் சரியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதையே இன்னும் உரக்க வாசித்தேன்.